நீலப் பெட்ரோல்

“அமெரிக்காவில் பல் மருத்துவர், விவசாயி எல்லாம் சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருக்கிறார்களாம். இங்கே மூன்று கோடிக்குக் கார் வாங்குகிறவர்கூட அந்தப் பக்கம் போவதில்லையே, ஏன் சார்?” என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்.

வழக்கமான காரணங்களை முதலில் முடித்துவிடுவோம். அலாஸ்காவில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குச் சாலை கிடையாது. மளிகைச் சாமானும் பிரசவ வலிக்காரியும் விமானத்தில்தான் போயாக வேண்டும். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களையும் சேர்த்தால் பொதுமக்கள் இறங்கக்கூடிய தளங்கள் 5,000 அளவில் இருக்கின்றன. நம்மூரிலோ குட்டி விமானத்தைக் கிளப்பவும் பறப்புத் திட்டம் கொடுக்க வேண்டும், விமானப்படையின் அனுமதி எண்ணுக்குக் காத்திருக்க வேண்டும். ஜப்பான்போல ரயில் நன்றாக ஓடும் நாடுகளில் ஆசை இருந்தாலும் அவசியம் இல்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று பெட்ரோல். காசு இருந்தால் விமானம் வாங்கலாம், அலைந்தால் அனுமதியும் கிடைக்கும். போய் இறங்கிய ஊரில் டேங்கில் எதை ஊற்றுவது? பெரிய விமானங்கள் குடிக்கும் ஜெட் ஏ-1 பெரும்பாலான விமான நிலையங்களில் இருக்கும். அது மண்ணெண்ணெய்க்குச் சித்தப்பா பிள்ளை. செஸ்னா 172 போன்ற பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் அதை ஊற்றினால் ஓடுபாதையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சிதையலாம். அதற்கு வேண்டியது ஏவ்கேஸ் 100எல்எல் என்ற, நீலச் சாயம் கலந்த தனிப் பெட்ரோல். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல விமான நிலையங்களில் அது கிடைப்பதே இல்லை. இந்தியா 2022 வரை இறக்குமதி செய்துதான் காலம் தள்ளியது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்ததை அறிமுகப்படுத்தியது.

அப்படி என்ன விசேஷம் அந்த நீலத்தில்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை என் பழைய பைக்கை டாப் கியரிலேயே முறுக்கிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் அடிப்பதுபோல ‘டக டக டக’. கீழே வந்ததும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, “இன்ஜின் தட்டுதுண்ணே, கியரை இறக்கி ஓட்டுங்க” என்றார். அந்தத் தட்டலில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்தே சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் அழுத்துகிறது, பிளக் பொறி விடுகிறது. பலர் நினைப்பதுபோல உடனே ‘டமால்’ என்று வெடித்துவிடுவதில்லை. காய்ந்த புல்வெளியின் ஓரத்தில் தீ வைத்தால் எரிகோடு வரிசையாக நகருமே, அப்படி பிளக்கிலிருந்து எதிர்ச் சுவரை நோக்கித் தீ நடந்து போகிறது. கடைசி மூலையில் இருக்கும் கலவையின் பாடுதான் பாவம். ஏற்கெனவே பிஸ்டன் நசுக்கியிருக்கிறது. இப்போது பின்னால் வரும் தீயும் விரிந்து அதை நெருக்கிச் சூடேற்றுகிறது. எரிவதற்கு முன்பே அதன் மூலக்கூறுகள் உடையத் தொடங்குகின்றன. உடைந்த துண்டு ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதை உடைக்கும், வதந்தி பரவுவதுபோல. தீ வந்து சேருமுன் அந்த மூலை தானாகவே பற்றிக்கொண்டால் மொத்தமும் ஒரே நொடியில் வெடித்து, அதிர்வலை உலோகத்தில் மோதும். அதுதான் தட்டல்.

அதாவது இது ஓட்டப் பந்தயம். தீ முந்த வேண்டும், மூலை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையின் அளவுதான் ஆக்டேன் எண்.

என் 100 சிசி பைக்கில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். செஸ்னா 172-இல் 130. நான்கே சிலிண்டரில் 5.9 லிட்டர்! தீ கடக்க வேண்டிய தூரமும் அதிகம், மூலை வேகும் நேரமும் அதிகம். காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின் என்பதால் சூடும் கூடுதல். அதனால்தான் சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரு பக்கமிருந்தும் தீ வைக்க. ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்பது இன்னொரு லாபம். புறப்படுமுன் விமானி, பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றை அணைத்துப் பார்ப்பார். எஞ்சின் நிற்காது, சுற்று மட்டும் கொஞ்சம் இறங்கும். ஒரே பிளக்கிலிருந்து தீ நடந்து போக அதிக நேரம் பிடிக்கிறது என்பதை அந்த முள் காட்டிக்கொடுக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இதையும் மீறி மூலை பொறுக்காது. 1921-இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி டெட்ராஎத்தில் ஈயம். சூட்டில் அது சிதைந்து ஈய ஆக்சைடுத் துகள்களாகிறது. வதந்தி பரப்பும் அந்தத் துண்டுகளைத் துகள்கள் பிடித்து அடக்கிவிடுகின்றன. ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம் ஈயம் போதும். பிறகு அது புகையோடு வெளியேறி, விமானத்தளத்தை ஒட்டி வாழும் குழந்தைகளின் மூச்சில் சேரும். கார் பெட்ரோலிலிருந்து ஈயத்தை இந்தியா 2000-இலும், கடைசி நாடான அல்ஜீரியா 2021-இலும் ஒழித்துவிட்டன. வானத்தில் மட்டும் தொடர்கிறது.

ஈயம் கலந்ததால் ஏவ்கேஸை மற்ற எரிபொருள் போகும் குழாயிலோ லாரியிலோ அனுப்ப முடியாது. எல்லாமே தனி. நாளுக்கு நாலு விமானம் வரும் ஊரில் இதற்கெனத் தொட்டி கட்ட எந்த வியாபாரி முன்வருவார்? தொட்டி இல்லாததால் விமானம் வராது, விமானம் வராததால் தொட்டி இல்லை.

இதிலிருந்து தப்பும் வழி டீசல் எஞ்சின். அது வெறும் காற்றைத்தான் அழுத்துகிறது. எரிபொருள் கடைசி நொடியில்தான் உள்ளே பீய்ச்சப்படுகிறது. மூலையில் வேகக் கலவையே இல்லை, பிறகு இந்தத் தட்டல் எங்கே வரும்? ஜெட் ஏ-1 தாராளமாக ஓடும். நம் விமானப் பயிற்சிப் பள்ளிகள் சில, டீசல் எஞ்சின் பொருத்திய டைமண்ட் நிறுவன விமானங்களை வாங்கியதன் சூட்சுமம் இது. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் 2021-இல் பறக்கவிட்ட ஹன்சா-என்ஜி என்ற குட்டி விமானத்தின் ரோட்டாக்ஸ் எஞ்சின் வேறு வழி: 95 ஆக்டேன் பெட்ரோலே போதும். ஆனால் எத்தனால் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் பெட்ரோல் பங்க்குகளிலோ இப்போது 20 விழுக்காடு. முதல் ஹன்சா பறந்தது 1993-இல். இடையில் அந்தத் திட்டத்துக்குத் தொடர்ந்து பணம் கொடுத்திருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

புது விமானச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வைத்துக்கொள்ளட்டும். எனக்கு நம்பிக்கை விமானியின் கையிலுள்ள கண்ணாடிக் குழலில்தான். இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, நிறம் நீலமா? நிறத்தில் சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுவார். சுவடில்லாமல் காய்ந்துவிட்டால் ஏவ்கேஸ். எண்ணெய்ப் பலகாரம் மடித்த காகிதம்போலக் கறை நின்றால் யாரோ ஜெட் ஏ-1 கலந்துவிட்டார்கள். அன்றைக்குப் பயணம் கிடையாது.