சரிவு, சாய்வு, உருள்பொட்டல்

கேரள மலைகளில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் மழை விடாமல் அடித்தால் தோட்டத்துத் தமிழர் பயப்படுவது ‘உருள்பொட்டலுக்கு’. எல்லை தாண்டி வரும் தமிழ்ச் செய்தித்தாள் அதையே ‘நிலச்சரிவு’ என்று அச்சிடுகிறது. பொருள் புரிந்துவிடும், ஆனால் முக்கால்வாசி தகவல் உதிர்ந்துவிடும்.

உருள்பொட்டல் மலையாளச் சொல். ‘உருள்’ நமக்கும் சொந்தம். ‘பொட்டுதல்’ வெடித்து உடைவது. குமரி மாவட்டத்தில் இன்றும் பானை பொட்டும். மற்ற ஊர்த் தமிழருக்குப் பொட்டல் என்றதும் வெறுங்காடுதான் நினைவுக்கு வரும், அதனால்தான் இந்தச் சொல் தமிழில் ஒட்டாமல் நிற்கிறது. நடப்பதையோ அது அப்படியே சொல்கிறது. பாறைக்கு மேல் சில அடி மண். அதில் இறங்கிய மழைநீரைப் பாறை உள்ளே விடாது. மண்துகள்களுக்கு நடுவே நீரழுத்தம் ஏற ஏற, துகள் துகளைப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. பெரும்பாலும் மேல்மலையின் குழிவான மடிப்பில், ஓடை பிறக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மண் நீரோடு பிய்த்துக்கொண்டு வரும். அதுதான் பொட்டல். பிறகு ஓடையில் இறங்கி, வழியில் கிடக்கும் பாறையையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு பெருகும். அது உருள்.

சாலைக்காக வெட்டிய மண்சுவர் இடிந்து அங்கேயே குவிந்தால் மலையாளத்தில் அது ‘மண்ணிடிச்சில்’. நாமும் மண் இடிந்தது என்றுதானே சொல்கிறோம்? ‘நிலச்சரிவு’ இந்த இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘சரிவு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. சரிதல் என்றால் நழுவி இறங்குதல். ஆனால் ‘மலைச்சரிவில் தேயிலை’ என்னும்போது சரிவு நகரவில்லை, மலையின் சாய்ந்த பக்கம் அது. சங்கப் பாட்டில் அதற்குச் ‘சாரல்’ இருந்தது. அது இப்போது தூறலுக்குப் போய்விட்டது. விளைவாக ‘சரிவு வரைபடம்’ என்று தலைப்பிட்டால் அது மலை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று காட்டும் படமா, மண் விழுந்த இடங்களைக் காட்டும் படமா என்று தெரியாது. பாகைக்குச் ‘சாய்வு’, நிகழ்ச்சிக்குச் ‘சரிவு’ என்று ஒதுக்குவதே சரி.

பனிமலைக்காரர்களிடமும் கடன் வாங்க ஒன்று உண்டு. ‘அவலாஞ்ச்’ பிரெஞ்சுச் சொல். ஆல்ப்ஸ் வட்டார வழக்கில் பிறந்து, ‘பள்ளத்தாக்கை நோக்கி’ என்னும் தொடரின் சாயலும் ஏறியது. தமிழில் பனிச்சரிவு. நீலகிரியில் பனிச்சரிவு ஏது? ஆனாலும் 1820களில் அங்கே மலை இடிந்த இடத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் அவலாஞ்சி. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் கிளம்பும். அதை வரைபடமாக்குபவர்கள் தொடங்கும் இடம், ஓடும் தடம், நிற்கும் இடம் என மூன்றாகப் பிரிப்பார்கள். உருள்பொட்டலுக்கு அவற்றையே பொட்டிடம், பாய்தடம், படிவிடம் எனலாம்.

இந்தப் பிரிவு வெறும் சொல்லாசை அல்ல. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பொட்டியது, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடியது. செத்தவர்கள் பொட்டிடத்தில் இல்லை. கீழே முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை மூடிய மண்ணும் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்சுவரிலிருந்து வரவில்லை, மேலே மலையிலிருந்து இறங்கியது.

சரிவுகளைப் பதியக் களப்பணிக்குப் போகிறவர் வண்டி நிற்கும் இடத்தில், அதாவது படிவிடத்தில், ஜிபிஎஸ் புள்ளி எடுத்துவிட்டு ‘சரிவு நடந்த இடம்’ என்று எழுதுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. அங்கே சாய்வு 8 பாகை இருக்கும். பொட்டிடத்தில் 32 இருந்திருக்கும். எந்தச் சாய்வில் ஆபத்து கூடுதல் என்று பார்க்கும் பகுப்பாய்வில் ஒவ்வொரு சாய்வு வகுப்புக்கும், சரிவுகளில் அதன் பங்கைப் பரப்பில் அதன் பங்கால் வகுப்பார்கள். எடுத்துக்காட்டாக 25–35 பாகை வகுப்பில் 40% சரிவுகள், 20% பரப்பு என்றால் விகிதம் 2. ஒன்றுக்கு மேல் போனால் ஆபத்து கூடுதல். பாதிப் புள்ளிகள் படிவிடத்தில் எடுத்தவையானால் இந்த 2 சுருங்கி, சமதரை ஆபத்தானது, மேல்மலை பத்திரமானது என்று படம் பொய் சொல்லும். ஏற முடியாவிட்டால் செயற்கைக்கோள் படத்தில், மண் பிய்ந்த தழும்பின் தலையை, அதாவது மேல்முனையைக் குறிக்க வேண்டும். அதையும் ‘படத்தில் பார்த்தது’ என்று தனிக் கட்டத்தில் எழுத வேண்டும்.

சாய்வை அளக்கும்போது விழுக்காட்டையும் பாகையையும் கலந்துவிடாதீர்கள். 45 பாகை 100 விழுக்காடு. 30 பாகை சுமார் 58. சாய்வை அளக்கும் கருவியான கிளினோமீட்டர் சிலவற்றில் இரண்டு அளவுகோலும் பக்கத்திலேயே இருக்கும். 1:50,000 அளவு வரைபடத் தாளில் 20 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகள் 1 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் சாய்வு சுமார் 22 பாகை. அரை மில்லிமீட்டரானால் 39. மையின் தடிப்பே பதிலைப் புரட்டிவிடும். நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் உயரம் தரும் தரவு 6 மீட்டர் சாலைவெட்டைக் கரைத்துவிடும், ஆகவே மண்ணிடிச்சிலுக்கு அதை நம்ப முடியாது. நாடாவால் அளக்க வேண்டும்.

களப்பணிப் படிவத்தில் நான் கேட்பது இவ்வளவுதான்: வகை என்ற கட்டத்தில் உருள்பொட்டலா, மண் இடிவா, அதன்பின் பொட்டிடம், படிவிடம் இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி, உயரம், சாய்வு. ‘சேற்றுப்பாய்வு’ என்று புதிதாகப் பெயர் வைத்தால் உருண்டு வரும் பாறை விட்டுப்போகும். தோட்டத்து லயத்தில் எழுத்துத் தெரியாத கிழவிக்கும் விளங்கும் உருள்பொட்டல் இருக்கட்டும்.