தலைக்கு மேல் பறப்பது உங்கள் வயல் தட்டான் அல்ல

"மருந்தும் அடிச்சோம், காயவும் விட்டோம், தட்டான் கூட்டமாத்தானே பறக்குது?" டெல்டாவில் சம்பாதோறும் இதைக் கேட்டு அலுத்துவிட்டது. தட்டான் பறந்தால் வயலில் அதற்குக் கேடில்லை என்ற இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வயலுக்கு மேல் மஞ்சளாக வட்டமிடுபவை பெரும்பாலும் தேசாந்திரித் தும்பிகள். காற்றோடு வலசை போகிறவை. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் தாண்டுகின்றன என்று 2009இல் கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். எந்தக் குட்டையில் பிறந்தவையோ! உங்கள் வயலில் பிறந்ததைப் பார்க்க வேண்டுமா? குனிந்து தூரைப் பாருங்கள். தண்ணீருக்கு நாலு விரல் மேலே, தாளில் பழுப்புக் கூடு, அதாவது குஞ்சு தட்டானாகும்போது கழற்றிவிட்ட தோல், ஒட்டியிருக்கும். முதுகு பிளந்து, பிளவில் வெள்ளை நூல்கள் தொங்கும். மூச்சுக்குழல்களின் உட்தோல் அவை. வரப்போரம் நூறு தூர் பார்த்தும் ஒரு கூடு இல்லையென்றால், மேலே ஆயிரம் பறந்தாலும் அது உங்கள் வயலுக்குச் சான்று அல்ல. ஊசித்தட்டான் கூடு மிகச் சிறியது, பொறுமையாகத் தேடுங்கள். பயிருக்குள் புகுந்து தத்துப்பூச்சியைப் பிடிப்பது அதுதான்.

வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான், கைவிட வேண்டாம். 30 செ.மீ. துளைக்குழாயில் பாதியைப் புதைத்து, உள்ளே மண்ணை அள்ளிவிட்டு, நீர் தரைக்குக் கீழ் 15 செ.மீ. போனதும் 5 செ.மீ. கட்டுங்கள். பூக்கும் தருணத்தில் காய விடக் கூடாது. ஆனால் உங்கள் வயலில் முட்டையிட்டாலும், தேசாந்திரியின் குஞ்சு நீருக்குள் ஏறத்தாழ 40 முதல் 65 நாள் வளர வேண்டும். வெடிப்பு விட்ட வயலில் அது எங்கே போகும்?

ஆகவே கடைசி உழவு முடிந்து, நடவுக்கு முன்பே வடிகால் பக்கம் ஒரு பள்ளம் வெட்டுங்கள்: ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம். குழாயில் 15 செ.மீ. இறங்கிய நாளிலும் பள்ளத்தில் அரை அடி நீர் நிற்கும். வரப்பை ஒட்டி வெட்டாதீர்கள், நண்டு வளை வழியாக ஒரே ராத்திரியில் வடிந்துவிடும். இரண்டு அடி உள்ளே தள்ளுங்கள். மணற்பாங்கு என்றால் சேற்றைக் குழைத்து அடியில் மெழுக வேண்டும். வடிக்கும்போது மடையை முழுக்கத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் மெல்ல இறங்கினால்தான் குஞ்சுகள் பள்ளத்துக்கு நகரும்.

பள்ளம் சும்மாதானே கிடக்கிறது என்று ஜிலேபி மீன் விடாதீர்கள், குஞ்சுகளைத் தின்றுவிடும். குருத்துப்பூச்சிக்கென்று ஃபிப்ரோனில் குருணையைக் கண்ணை மூடிக்கொண்டு தூவாதீர்கள். அது நீரில் இருக்கும் தட்டான் குஞ்சையும் கொல்லும்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வயலை வடியுங்கள், பள்ளத்தை விட்டுவிடுங்கள். அறுவடை இயந்திரம் இறங்காமலிருக்க இரு முனையிலும் கம்பு நட்டு, ஓட்டுநரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.