பாலிஃபில் – இட்டுநிரப்பி

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் அடுக்கியிருக்கிற உதிரிகளை அப்படியே எண்ணிவிடுகிறது. பெயர் எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் 'இத்தனை எழுத்து எழுதியிருக்கிறீர்கள்' என்று காட்டுகிற ஒரு சின்ன வேலையைச் செய்தபோது எனக்கு இது பெரிய உறுத்தலாக இருந்தது. எழுதுகிறவருக்கு மூன்றுதான் தெரிகிறது, பெட்டி ஐந்து என்கிறது. யாரை நம்புவார்?

இதைச் சரியாக எண்ண, உலாவிக்குள்ளேயே ஒரு வசதி வந்தது. இன்டல்.செக்மென்டர் என்று பெயர். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே பிரித்துத் தரும். குரோமில் 2020-இல் 87-ஆம் பதிப்போடு வந்தது. சஃபாரியில் 2021-இல், 14.1-இல். ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் வெளியான 125-ஆம் பதிப்பில்தான். கிட்டத்தட்ட மூன்றரை ஆண்டு இடைவெளி. அதுவரை ஒரே பக்கம் ஓர் உலாவியில் ஒழுங்காக எண்ணும். இன்னொன்றில் 'அப்படி ஒன்று இங்கே இல்லை' என்று பிழை காட்டி நின்றுவிடும்.

அந்த இடைவெளியை அடைக்க நாம் எழுதிச் சேர்க்கிற நிரல்துண்டுக்குத்தான் பாலிஃபில் என்று பெயர். உலாவியில் இருக்க வேண்டிய ஒரு வசதி இல்லாதபோது, அதே பெயரில், அதே விதிப்படி, அதே விடையைத் தருகிற மாதிரி நாமே எழுதி வைப்பது. அது முதலில் 'இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறதா?' என்று பார்க்கும். இருந்தால் ஒன்றும் செய்யாமல் ஒதுங்கிக்கொள்ளும். இல்லையென்றால் அந்த இடத்தில் தான் போய் உட்காரும். பக்கத்தின் மற்ற நிரலுக்கு வித்தியாசமே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

சொல்லை உருவாக்கியவர் ரெமி ஷார்ப் என்ற பிரிட்டிஷ் நிரலாளர். வலைப்பக்கங்களை எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பான எச்டிஎம்எல்5 பற்றிய ஒரு புத்தகத்தை இன்னொருவரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, 2009-இல், அவருக்கு இப்படி ஒரு சொல் தேவைப்பட்டது. அதற்கு முன்பே 'ஷிம்' என்ற சொல் புழக்கத்தில் இருந்தது. ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்போமே, அந்த மாதிரி இடுக்கில் செருகும் மெல்லிய தகடுதான் ஷிம். ஆனால் ஷிம் என்று சொல்லப்பட்ட நிரல்கள் பெரும்பாலும் தங்களுக்கென்று தனிப் பெயரும் தனிப் பயன்பாட்டு முறையும் வைத்திருந்தன. ஷார்ப் தேடியது அதுவல்ல. சேர்த்தோம், மறந்தோம் என்று இருக்க வேண்டும். நாளைக்கு உலாவியே அந்த வசதியைத் தந்தால், வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும்.

பிரிட்டனில் சுவர் விரிசலை அடைக்கும் பசைக்கு பாலிஃபில்லா என்று ஒரு வணிகப் பெயர் உண்டு. நம் ஊர்களில் பெயின்டர்கள் 'பட்டி பார்ப்பது' என்று சொல்வார்களே, அந்த வேலைக்கானது. உலாவியை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள், அதில் விரிசல்கள். பட்டி பார்த்துச் சமப்படுத்திவிட்டால் மேலே வண்ணம் அடிக்கிறவர் விரிசலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்தப் படம்தான் அவர் மனத்தில் இருந்தது. 'பாலி' என்ற கிரேக்க முன்னொட்டுக்குப் 'பல' என்று பொருள். அதற்கும் அவர் ஒரு பொருத்தம் சொன்னார்: ஓட்டையை எந்த நுட்பத்தால் அடைத்தாலும் சரி, ஜாவாஸ்கிரிப்ட்தான் வேண்டும் என்றில்லை. வலைப்பக்கத்தில் அசைபடமும் காணொளியும் ஓட்டிய ஃபிளாஷ் அப்போது உயிரோடு இருந்த காலம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

நேராக மொழிபெயர்த்தால் 'பல்நிரப்பி' வருகிறது. படித்தவுடன் பல் மருத்துவர்தான் நினைவுக்கு வருகிறார். புணர்ச்சி விதிப்படி சேர்த்து 'பன்னிரப்பி' என்று எழுதினால் பன்னிரண்டின் உறவுபோல ஒலிக்கிறது. இது ஒலிச் சிக்கல் மட்டும் என்றால் பழகிவிடலாம். பொருளே தவறிப்போகிறது. இந்தச் சொல்லில் 'பல' என்பது பசையின் பெயரோடு கூடவே ஒட்டி வந்தது, கருத்தின் மையம் அன்று. மையம் 'நிரப்புதல்'. ஆனால் வெறும் 'நிரப்பி' என்று விட்டாலும் போதாது. படிவங்களைத் தானாக நிரப்பும் வசதி உலாவியிலேயே இருக்கிறது, இரண்டும் குழம்பும்.

என் தேர்வு 'இட்டுநிரப்பி'. 'இட்டு நிரப்ப முடியாத இழப்பு' என்று இரங்கல் செய்தியில் எழுதுகிறோமே, அந்த வழக்கு. இல்லாமல் போன ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து, அந்த இடம் காலியாகத் தெரியாமல் செய்வது. பாலிஃபில் செய்வது அதையேதான், மிச்சம் மீதி இல்லாமல்.

நம் யாப்பிலும் இதே வேலைக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. செய்யுளில் ஓசை குன்றுகிற இடத்தில், நெட்டெழுத்துக்குப் பின்னால் அதன் இனக் குறில் வந்து நின்று அளவை நிறைக்கும். 'ஓதல்' என்பது 'ஓஒதல்' ஆகும். இதற்கு இசைநிறை அளபெடை என்று பெயர். சொல்லின் பொருள் மாறுவதில்லை. சீர் மட்டும் ஒழுங்காகிறது. நிறைக்க வந்தது பொருளைத் தொடக் கூடாது என்ற இந்த ஒழுக்கத்தை இட்டுநிரப்பிக்கும் அப்படியே வைக்கலாம்.

இன்னொரு சொல்லையும் இங்கே தொட்டுவிட வேண்டும், ஏனென்றால் பாலிஃபில் பற்றிப் பேசும்போதெல்லாம் அதையும் சேர்த்துக் குழப்புகிறோம். பேக்வர்ட்ஸ் கம்பேட்டிபிலிட்டி: புதிய பதிப்பு பழையதோடு இணங்கிப் போவது. இதற்குப் 'பின்னோக்கிய இணக்கம்', 'பின்னிணக்கம்' என்றெல்லாம் எழுதுகிறோம். எனக்கு இதில் நிறைவில்லை. தமிழில் காலத்தைப் பொறுத்தவரை முன் என்பது கடந்தது, பின் என்பது வரப்போவது. முன்னோர் பழையவர்கள், பிற்காலம் இனிமேல் வருவது. ஆனால் இடத்தைப் பொறுத்தவரை முன்னேறுவது எதிரே போவது, பின்வாங்குவது வந்த வழியே திரும்புவது. 'பின்னிணக்கம்' என்று படிக்கிற ஒருவர், பின்னால் வரப்போகும் பதிப்புகளோடு இணங்குவது என்று புரிந்துகொண்டால் அது அவர் தவறில்லை. தமிழ் அப்படித்தான் அவரைக் கொண்டு போகிறது. அதனால் 'முற்பதிப்பு இணக்கம்' என்று எழுதுவதே நல்லது. அதன் மறுதலை 'பிற்பதிப்பு இணக்கம்'. எதோடு இணங்க வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இனி வேறுபாடு எளிது. பழைய பக்கத்தைப் புதிய உலாவி கெடுக்காமல் காட்ட வேண்டும். அது முற்பதிப்பு இணக்கம், உலாவி செய்கிறவர்களின் கடமை. புதிய வசதியை நம்பி எழுதிய பக்கம் பழைய உலாவியிலும் ஓட வேண்டும். அந்தப் பொறுப்பு பக்கத்தை எழுதுகிறவருடையது, அதற்கான கருவிகளில் ஒன்று இட்டுநிரப்பி.

முற்பதிப்பு இணக்கத்தை வலைத்தள உலகம் எவ்வளவு கண்டிப்பாகக் காக்கிறது என்பதற்கு ஒரு சான்று: ஜாவாஸ்கிரிப்ட்டில் 'நல்' என்ற வெறுமை மதிப்பின் வகை என்ன என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்', அதாவது பொருள், என்று விடை வரும். 1995-இல் முதல் வடிவத்திலேயே நுழைந்த பிழை அது. பிழை என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தினால் அதை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் உடையும் என்பதால் இன்றுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இந்தக் கண்டிப்பும் இட்டுநிரப்பியும் மோதிக்கொண்ட இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மூடூல்ஸ் என்று ஒரு பழைய நிரலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, ஒரு காலத்தில் ஏராளமான தளங்களில் இருந்தது. அது உலாவியின் அர்ரே என்ற பட்டியல் வகையின் மேலேயே தன் சொந்த வசதிகளை ஏற்றி வைத்தது. 'ஃபிளாட்டன்' என்பது அதில் ஒன்று; பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலை ஒரே தட்டாக விரிப்பது. ஜாவாஸ்கிரிப்ட்டைத் தரப்படுத்தும் குழு பிற்பாடு அதே பெயரில் ஒரு வசதியை மொழிக்குள் கொண்டுவர முயன்றது. 2018-இல் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்ததும் சில பக்கங்கள் உடைந்தன. காரணம் நுணுக்கமானது. மூடூல்ஸ் பட்டியல் வகையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, தன்னுடைய இன்னொரு வகைக்குப் படியெடுக்கும். மொழியில் பிறந்த வசதிகளோ இப்படி எண்ணும்போது தென்படாதவை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கும் நிலையில் மூடூல்ஸ் தன்னுடையதை அதன்மேல் எழுதினாலும், தென்படாத தன்மை மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. எனவே படியெடுக்கும்போது அது விடுபட்டுப் போனது. கடைசியில் பெயர்தான் மாறியது: 'ஃபிளாட்'. 2019-இன் தரத்தில் அந்தப் பெயரோடுதான் வந்தது. இதற்கு முன்பு 2014-இலும் இதே நிரலகத்தால் 'கன்டெயின்ஸ்' என்ற பெயர் 'இன்க்ளூட்ஸ்' ஆனது.

மூடூல்ஸ் வைத்தது இட்டுநிரப்பி அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். இட்டுநிரப்பி என்றால், நிரப்பப்படும் பள்ளத்தின் வடிவம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தரம் உறுதியான பிறகு அதன்படி எழுதுவது நிரப்புதல். தரம் வருவதற்கு முன் நாமாக ஒரு வடிவத்தை உலாவியின் பொதுப் பெயரில் ஏற்றி வைத்தால், வருங்காலத்தில் அந்த இடத்துக்கு வர வேண்டியதை நாமே தடுத்தவர்கள் ஆகிறோம்.

என் எழுத்தெண்ணிக்கே இந்தப் பாடம் தேவைப்பட்டது. தமிழுக்கு மட்டும் என்றால் வேலை சின்னது. முந்தின எழுத்தோடு ஒட்ட வேண்டிய உயிர்க்குறிகள் 11, புள்ளி ஒன்று, ஆக 12 குறிகள். அவற்றைத் தனியாக எண்ணாதே என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னேன், 'தமிழ்' மூன்று ஆனது. அதைச் செக்மென்டர் என்ற பெயரிலேயே உட்கார வைக்கவும் கை நீண்டது. ஆனால் அந்தப் பெயரின் விதி உலகத்து எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்குமானது. யாராவது தாய்லாந்து எழுத்தையோ, தோல் நிறம் சேர்த்த ஒரு எமோஜியையோ இட்டால் என் ஒரு வரி தவறான எண்ணைக் காட்டும், அதுவும் அதிகாரபூர்வமான பெயரில் இருந்துகொண்டு. முழுமையாகச் செய்வதென்றால் யூனிகோடின் எழுத்து எல்லை அட்டவணைகளையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு சின்ன எண்ணிக்கைக்கு அது பெரிய சுமை. கடைசியில் என் வரிக்கு 'தமிழெழுத்துஎண்ணி' என்று தனிப் பெயர் வைத்து, செக்மென்டர் இல்லாத உலாவியில் மட்டும் அதைக் கூப்பிட்டேன்.

அப்புறம், சில பள்ளங்களை எந்தப் பசையாலும் அடைக்க முடியாது. புதிய இலக்கணக் குறிகள் அப்படி. அம்புக்குறி போட்டு எழுதும் செயற்கூற்றைப் பழைய உலாவியிடம் கொடுத்தால், கோப்பைப் படிக்கிற நிலையிலேயே அது நின்றுவிடும். ஒரு வரிகூட ஓடாது. ஓடினால்தானே நிரப்புவதற்கு? அதற்கு பேபல் போன்ற கருவியை வைத்து முன்கூட்டியே பழைய நடைக்குப் பெயர்த்து அனுப்ப வேண்டும். அது நிரப்புதல் இல்லை, பெயர்த்தல். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் இன்னும் கடினம். தனக்குத் தெரியாத பண்பை உலாவி படிக்கும்போதே உதறிவிடும், நம் நிரல் தேடிப் போகும்போது அங்கே ஒன்றும் இருக்காது. கேமரா, புளூடூத் மாதிரி கருவியைத் தொடும் வசதிகளை உலாவி திறந்துவிடாத வரை எந்த நிரலாலும் எட்ட முடியாது. ப்ராக்ஸி போல, மொழியின் அடிவயிற்றில் இருக்கிற வசதிகளை ஓரளவுதான் போலச் செய்யலாம்.

இட்டுநிரப்பியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் விளையாட்டில்லை. பாலிஃபில்.ஐஓ என்று ஒரு பொதுச் சேவை இருந்தது. எந்த உலாவி வருகிறதோ அதற்குத் தேவையான நிரப்பிகளை மட்டும் அனுப்பும். 2024-இன் தொடக்கத்தில் அதன் முகவரி கைமாறியது. ஜூனில், அங்கிருந்து வந்த நிரலுக்குள்ளேயே கைபேசியில் வருகிறவர்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிடும் தீங்குநிரல் இருந்தது தெரியவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேலான தளங்கள் அதைச் சேர்த்திருந்தன. அவற்றில் பலவற்றுக்கு அந்த நிரப்பிகளின் தேவையே முடிந்திருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவு 2022 ஜூனிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பேசாமல் வேலை செய்வதால் இருப்பதே மறந்துபோகிறது, மறந்ததை யாரும் எடுப்பதில்லை.

ஆகவே இட்டுநிரப்பியைச் சேர்க்கும் வரியிலேயே, எந்த உலாவிக்காக, எந்தப் பதிப்பு வரை என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பது என் வழக்கம். வினையாகச் சொல்லும்போது 'பாலிஃபில் பண்ணினேன்' என்று பேசுவதை 'இட்டுநிரப்பினேன்' என்று எழுதலாம், இயல்பாகவே வருகிறது. இதன் உடன்பிறப்பாக 'போனிஃபில்' என்று ஒரு சொல்லும் பின்னர் வந்தது. அதே வசதியைத் தரும், ஆனால் உலாவியின் பொதுப் பெயரைத் தொடாமல் தனியாக நிற்கும். வேண்டியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதற்குத் 'தனிநிரப்பி' என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். என் எழுத்தெண்ணி விதி முழுவதையும் பின்பற்றாததால் அந்தப் பெயருக்கும் உரியதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 125 போதுமான அளவு பரவியதும் அதை எடுத்துவிட்டேன். இப்போது அந்தப் பெட்டியில் 'தமிழ்' என்று எழுதினால், மூன்று என்று உலாவியே சொல்கிறது.