ட்ரில்லியம் வேண்டுமா? காட்டில் தோண்டாதீர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் தோட்டவேலைக்கு அழைப்பவர்களில் யாராவது கேட்டுவிடுவார்: "காடு முழுக்க ட்ரில்லியம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறதே, இரண்டைக் கிண்டி வந்து எங்கள் வளவில் வைத்துத் தருவீர்களா?" ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இந்த ஆசை இன்னும் அதிகம். நான் ஒருபோதும் செய்து கொடுப்பதில்லை.

ட்ரில்லியம் 1937 முதல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் அதிகாரபூர்வ மலர். அரசின் இலச்சினையில் இருப்பதும் அதுதான். அடையாளம் எளிது: ஒற்றைத் தண்டு, உச்சியில் வட்டமாக மூன்று இலைகள், அவற்றுக்கு மேலே மூன்று வெள்ளை இதழ்கள், இதழ்களுக்கு இடையில் மூன்று பச்சைப் புல்லிகள். வயதான பூ இளஞ்சிவப்பாக மாறும். அதை வேறு இனம் என்று நினைக்க வேண்டாம். கருஞ்சிவப்பாகப் பூத்து அழுகிய இறைச்சிபோல் நாறுவதுதான் வேறு இனம். அந்த நாற்றத்துக்கு ஈக்கள் வரும். பூ இல்லாதபோது கவனம் தேவை. தொட்டால் தோல் கொப்பளிக்கும் பாய்சன் ஐவிக்கும் மூன்று சிற்றிலைகள் உண்டு. ஆனால் அதில் நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு இருக்கும். ட்ரில்லியத்தில் மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து விரியும்.

அந்த மூன்று இலைகள்தான் செடியின் முழு ஆண்டுச் சம்பாத்தியம். பூவோடு சேர்த்து அவற்றை ஒடித்துவிட்டால் அந்த ஆண்டு மீண்டும் துளிர்க்காது. கிழங்கு பட்டினியில் மெலியும். திரும்பப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகலாம், செத்தும் போகலாம். ஒன்ராறியோவில் எங்கே பறித்தாலும் குற்றம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. பூங்காக்களிலும் பாதுகாப்புப் பகுதிகளிலும்தான் தடை. என்னைக் கேட்டால், சட்டத்தைவிடச் செடியின் கணக்கே வலுவான காரணம்.

விதையிலிருந்து பூவரை ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். முதல் வசந்தத்தில் வேர் மட்டும் விடும். மண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாது. அடுத்த வசந்தத்தில்தான் முதல் இலை. விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் அதை இழுத்துச் சென்று, தின்றது போக விதையைப் போட்டுவிடும். காட்டில் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான், அதுவும் சில மீட்டர் தூரத்துக்கே. ஆகவே பூக்கும் வயதுச் செடி மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். "நாற்றுப்பண்ணையில் வளர்ந்தது" என்ற பதிலோடு நிற்காதீர்கள். காட்டில் தோண்டி ஒரு பருவம் தொட்டியில் வைத்திருந்தாலும் அப்படிச் சொல்லலாம். விதை போட்டா, கிழங்கைப் பிரித்தா உருவாக்கினார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வாங்க வேண்டாம்.

நடுவதற்கு இலையுதிர் காலம் நல்லது. மேப்பிள்போல் இலை கொட்டும் மரத்தடிதான் இடம். மரம் தழைக்கும் முன் விழும் வசந்த வெயில் இதற்கு வேண்டும், பைன் மரத்தடியில் அது கிடைக்காது. நீர் தேங்காத, இலைமக்கு கலந்த மண்ணில் சுமார் 10 செ.மீ. ஆழத்தில் கிழங்கை வையுங்கள். உதிர்ந்த இலைகளை வாரிப் பையில் கட்டும் வழக்கத்தை அங்கே மட்டுமாவது விடுங்கள். கார்லிக் மஸ்டர்ட் களை தலைகாட்டினால் விதை கட்டும் முன் வேரோடு பிடுங்குங்கள். விதை கிடைத்தால் காயவிடாமல் உடனே ஊன்ற வேண்டும்.

கோடையில் இலை பழுத்துச் செடி மறைந்துவிடும். போய்விட்டது என்று அந்த இடத்தைக் கொத்திவிடாமல் ஒரு குச்சி நட்டு வையுங்கள். வெறுமையை மறைக்கப் பக்கத்தில் பன்னம் (ஃபெர்ன்) வைக்கலாம். இதழில் பச்சைக் கோடுகள் தெரிந்தால் அபூர்வ வகை கிடைத்துவிட்டதென்று மகிழ வேண்டாம். அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி தரும் நோய். என் பொறுப்பிலுள்ள தோட்டங்களில் அத்தகைய செடியை நான் அகற்றிவிடுகிறேன்.