‘பிசியலாஜிக்கலி நார்மல்’ என்று எழுதும்போது எதைச் சொல்கிறோம்?

டிஸ்சார்ஜ் சம்மரி, ரெஃபரல் கடிதம், ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றிலும் அடிக்கடி வந்து விழும் ஆங்கிலச் சொல் ‘பிசியலாஜிக்கலி’. எழுதுபவர் ஒன்றை நினைத்து எழுதுகிறார். படிக்கும் நோயாளியின் குடும்பமோ, அடுத்து பார்க்கப்போகும் மருத்துவரோ வேறொன்றைப் புரிந்துகொள்கிறார்கள். இது வெறும் மொழிப் பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். வரவேண்டிய நாளில் நோயாளி வராமல் போவதும், நிறுத்தக்கூடாத மாத்திரையை நிறுத்துவதும் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நடக்கின்றன.

சிக்கலின் வேர் எளிமையானது. இந்த ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ‘உறுப்புகள் இயங்கும் விதத்தைப் பொறுத்தவரை’ என்ற பொருள். மற்றது, ‘நோயால் அல்ல, உடலின் இயல்பால்’ என்ற பொருள். கிரேக்கத்தில் ‘ஃபைசிஸ்’ என்றால் இயற்கை, இயல்பு. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஃபெர்னெல் ‘பிசியாலஜி’ என்ற சொல்லை உடலின் இயக்கத்தைப் பற்றிய படிப்புக்குப் பெயராக வைத்தபோது, அவர் பேசியது நலமாக இருக்கும் உடலைப் பற்றி. அதனால் இயக்கம், இயல்பு என்ற இரண்டு சாயலும் தொடக்கத்திலிருந்தே இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று சந்தேகம் வந்தால், எதிர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் ‘அனாட்டமிக்கலி’ (அமைப்பைப் பொறுத்தவரை) பொருந்தினால் முதல் பொருள். ‘பேத்தலாஜிக்கலி’ (நோயின் விளைவாக) பொருந்தினால் இரண்டாம் பொருள். இரண்டுமே பொருந்துகிறது என்றால் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுவதுதான் ஒரே வழி.

முதலில் இலக்கணம். இது வினையடை என்பதால் பெயரடைக்கு முன்னால் நிற்கும்: பிசியலாஜிக்கலி ஆக்டிவ், பிசியலாஜிக்கலி டிபென்டன்ட். ‘பிசியலாஜிக்கல் நார்மல்’ என்று எழுதுவது தவறு. பெயர்ச்சொல் வரும்போதுதான் ‘பிசியலாஜிக்கல்’ வரும், ‘பிசியலாஜிக்கல் ரெஸ்பான்ஸ்’ என்பதுபோல. நல்ல பயன்பாட்டுக்குத் தைராய்டு ஒரு உதாரணம். ரத்தத்தில் உள்ள டி4 ஹார்மோனில் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டாமல் மிதக்கும் சொற்ப அளவுதான் செல்லுக்குள் போய் வேலை செய்யும். ‘ஒன்லி தி ஃப்ரீ ஹார்மோன் இஸ் பிசியலாஜிக்கலி ஆக்டிவ்’ என்ற வாக்கியத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பொருளே குறைந்துவிடும். கர்ப்பத்தில் அந்தப் புரதம் கூடுவதால் டோட்டல் டி4 ஏறும், தைராய்டில் கோளாறு இல்லாதபோதும். எதை அளந்தோம், அதில் எவ்வளவு வேலை செய்கிறது என்ற வித்தியாசத்தை இந்த ஒரு வினையடை தாங்குகிறது.

வாக்கியத்தின் தலையில் வைத்தால் பின்னால் காற்புள்ளி போடுங்கள். அங்கே அது ‘உடலியக்கக் கோணத்தில் பார்த்தால்’ என்று முழு வாக்கியத்தையும் தழுவும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘பிசியலாஜிக்கலி, ஹி இஸ் ஆல்ரைட்’ என்று எழுதினால், படிப்பவர் மனதில் உடனே ‘அப்படியானால் வேறு எதில் கோளாறு?’ என்ற கேள்வி எழும். கோணத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லும் மற்ற கோணங்களைச் சந்தேகத்துக்குள் தள்ளும். நெஞ்சு படபடப்பு என்று வந்தவரின் கடிதத்தில் இப்படி எழுதி அனுப்பினால், ‘மனநோய் என்று சொல்லிவிட்டார்கள்’ என்று அவர் வருந்துவதில் வியப்பில்லை. அந்த அர்த்தம் உங்கள் மனதில் இல்லையென்றால், எந்தப் பரிசோதனை இயல்பாக வந்தது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இனி இரண்டாம் பொருள். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைதான் இதற்கு முதல் உதாரணம். குழந்தையின் சிவப்பணுக்கள் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் உடைகின்றன. உடைவதால் வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளைக் கையாளும் கல்லீரல் நொதி முதல் நாட்களில் முழு வேகத்தில் இயங்குவதில்லை. குடலுக்குள் போன பிலிருபினில் ஒரு பங்கு திரும்பவும் ரத்தத்துக்கு உறிஞ்சப்படுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து 2 அல்லது 3-ஆம் நாளில் மஞ்சள் தெரிகிறது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு 3 முதல் 5 நாளுக்குள் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்துக்குள் வடிகிறது. இதைத்தான் பிசியலாஜிக்கல் ஜாண்டிஸ் என்கிறோம்.

இந்தப் பெயர் நிலைப்பது நாட்கணக்கை வைத்து. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதற்கு இந்தப் பெயர் கிடையாது. தாய்-சேய் ரத்தவகைப் பொருத்தமின்மை, நோய்த்தொற்று போன்றவற்றைத் தேட வேண்டும். 14 நாளைத் தாண்டியும் நீடித்தால் (குறைமாதக் குழந்தைக்கு 21 நாள்) திரும்பவும் பரிசோதிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பேபி இஸ் பிசியலாஜிக்கலி ஜாண்டிஸ்ட்’ என்று மட்டும் எழுதினால், வீட்டில் அதை ‘இது இயல்புதான், தானாகப் போய்விடும்’ என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது வாரத்திலும் மஞ்சள் இருந்தால் அந்தத் தாளையே காட்டிச் சமாதானம் அடைவார்கள். பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சமாதானம் பெரும் கேடு. அதற்குச் செய்யும் ‘கசாய்’ என்ற அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.

அதனால் அந்த வரியை இப்படி மாற்ற வேண்டும்: மஞ்சள் தெரிந்தது எந்த நாள், எத்தனை வாரத்தில் பிறந்த குழந்தை, எந்த மணி நேரத்தில் பிலிருபின் எவ்வளவு, அது போட்டோதெரபி (ஒளி சிகிச்சை) வரம்புக்குக் கீழே இருந்ததா, தாய் மற்றும் குழந்தையின் ரத்த வகை, பால் குடிக்கும் நிலை, எடை. கடைசியாக, எப்போது உடனே வர வேண்டும் என்ற வரி. வீட்டில் பார்ப்பவர்களுக்கு இதைக் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லலாம். பகல் வெளிச்சத்தில், குழந்தையின் நெற்றியில் விரலை லேசாக அழுத்தி எடுத்தால் தோல் வெளிறும் அந்த ஒரு நொடியில் மஞ்சள் தெரியும். நிறம் அடர்ந்த தோலில் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். மஞ்சள் இருக்கிறதா என்பதற்குத்தான் கண் போதும், எவ்வளவு என்பதற்கு அளவிட்டே ஆக வேண்டும். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலோ அன்றே காட்ட வேண்டும். பச்சிளம் குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்கக்கூடாது.

கர்ப்பகால ரத்தசோகையிலும் இதே கதை. கர்ப்பத்தில் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ரத்தம் நீர்த்துப்போவதால் ஹீமோகுளோபின் சற்று இறங்கும், இது இயல்பு. ஆனால் இயல்புக்கும் எல்லை உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு முதல் மும்மாதத்திலும் கடைசி மும்மாதத்திலும் டெசிலிட்டருக்கு 11 கிராம், நடு மும்மாதத்தில் 10.5. ஹீமோகுளோபின் 9 என்று இருக்கும்போது ‘பிசியலாஜிக்கலி லோ’ என்று எழுதுவது, இரும்புச்சத்துக் குறைவைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளுவது.

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் இந்தச் சொல் பெரும்பாலும் நல்ல செய்தியாகவே வரும். பெட் ஸ்கேனில் மூளை, சிறுநீரகம், சிறுநீர்ப்பை பளிச்சென்று தெரிவதற்கு ‘பிசியலாஜிக்கல் அப்டேக்’ என்று எழுதுவார்கள்: ஸ்கேனுக்கு ஏற்றுவது பெரும்பாலும் சர்க்கரை போன்ற ஒரு மருந்து, மூளை சர்க்கரையை உண்டே வாழ்கிறது, மிச்ச மருந்து சிறுநீர் வழியாக வெளியேறுகிறது, அவ்வளவே. மூளை சி.டி.யில் பினியல் சுரப்பியில் தெரியும் சுண்ணாம்புப் படிவும் பெரும்பாலும் அப்படித்தான். மாதவிடாய் வரும் வயதில் சினைப்பையில் தெரியும் 3 செ.மீ.க்கு உட்பட்ட எளிய நீர்ப்பை அந்த மாதத்தின் கருமுட்டைப் பையாகவே இருக்கக்கூடும். மாதவிடாய் நின்றபிறகு அதே சொல்லை அதே உறுப்புக்கு அப்படியே எழுத முடியாது.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது ‘பிசியலாஜிக்கலி ஸ்டேபிள்’. விபத்தில் அடிபட்டவரை வேறு மருத்துவமனைக்கு மாற்றும் கடிதத்தில் இந்த இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால், அது ஒரு கருத்து மட்டுமே. இளவயதுக்காரருக்கு உள்ளே ரத்தக் கசிவு இருந்தாலும், மொத்த ரத்தத்தில் 15 சதவீதம், அதாவது ஏறத்தாழ 750 மி.லி. போகும்வரை நாடியும் ரத்த அழுத்தமும் ஏறத்தாழ மாறாமல் இருக்கலாம். 30 சதவீதத்தை நெருங்கும்போதும் மேல் அழுத்தம் தாக்குப்பிடிக்கும். நாடி ஏறுவதும், மூச்சு வேகமாவதும், கை கால் சில்லிடுவதும்தான் அடையாளம். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரைவுபடுத்தி உடல் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கு இந்த ஈடுகட்டும் திறன் இன்னும் அதிகம். அழுத்தம் இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். ஆக, அளவு இயல்பாக இருப்பதும் உடல் நலமாக இருப்பதும் ஒன்றல்ல.

எனவே அந்தச் சொல்லோடு எண்களையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்: காலை 10.20, நாடி 112, அழுத்தம் 118/84, மூச்சு 24, ஆக்சிஜன் 97 சதவீதம், கை சில்லென்று இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு முந்தைய எண்களும் பக்கத்தில் இருந்தால், வாங்குபவருக்கு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். மேலே எழுதிய எண்களில் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை. ‘ஸ்டேபிள்’ என்ற சொல் அதை மறைத்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக, இந்த வினையடை உயிர் காக்கும் இடமும் உண்டு. மூச்சுக்குழாய் பொருத்தும்போது ‘அனாட்டமிக்கலி ஈஸி, பிசியலாஜிக்கலி டிஃபிகல்ட்’ என்று சொல்வார்கள். வாய் நன்றாகத் திறக்கிறது, கழுத்து வளைகிறது, குழாய் எளிதாக இறங்கும். ஆனால் ஆக்சிஜனும் அழுத்தமும் ஏற்கெனவே குறைவு. மயக்க மருந்து ஏறிய உடனே இதயம் நின்றுவிடக்கூடும். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் குழு முன்கூட்டியே ஆக்சிஜனை ஏற்றி, அழுத்தம் கூட்டும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கும்.

‘பிசியலாஜிக்கலி டிபென்டன்ட்’ என்பதை ‘அடிமை’ என்று மொழிபெயர்ப்பது கொடுமையான தவறு. பிரெட்னிசலோன் மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தால் அட்ரீனல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தளர்ச்சி, அழுத்தம் இறங்குதல் வரலாம். உடல் மருந்துக்குப் பழகியிருக்கிறது, மனம் அதற்காக ஏங்கவில்லை. போதைப் பழக்கத்துக்கு அடையாளம் அடங்காத ஏக்கமும், கெடுதல் தெரிந்தும் விடமுடியாமையும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவரின் தாளில் ‘மருந்துக்கு அடிமை’ என்று யாராவது தமிழில் எழுதிவிட்டால், வீட்டார் மருந்தை ஒளித்துவைப்பார்கள். ‘உடல் இந்த மருந்துக்குப் பழகியுள்ளது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்’ என்று எழுதுங்கள்.

பெயரிலேயே இந்தச் சொல்லை வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 0.9 சதவீத உப்புக் கரைசலை, லிட்டருக்கு 9 கிராம், ‘பிசியலாஜிக்கல் சலைன்’ என்கிறோம். அதில் சோடியமும் குளோரைடும் தலா 154 மில்லிமோல். நம் பிளாஸ்மாவில் குளோரைடு ஏறத்தாழ 100-தான். இரண்டொரு பாட்டிலில் ஒன்றும் ஆகாது. பல லிட்டர் ஏற்றினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். பாட்டில் மேல் உள்ள பெயரை நம்பி அளவில்லாமல் ஏற்றலாம் என்று பொருளில்லை.

தமிழில் எழுதும்போது எல்லா இடத்திலும் ‘உடலியல் ரீதியாக’ என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. பாடநூல்களில் உடலியங்கியல், உடற்செயலியல், உடற்றொழிலியல் என்று பல சொற்கள் இருக்கின்றன, துறைப் பெயராக எதுவும் சரியே. நோயாளி படிக்கும் வரியில் ‘உறுப்பு வேலை செய்யும் விதத்தில்’ அல்லது ‘நோயில்லை, இயல்பான மாற்றம்’ என்று பொருளைப் பார்த்துப் பிரித்து எழுதுங்கள். ‘பிசிக்கலி வீக்’ என்று சொல்ல நினைத்து ‘பிசியலாஜிக்கலி வீக்’ என்று எழுதுவதும் உண்டு; உடல் பலவீனம் என்றால் முதலாவது போதும்.

வாயால் சொல்லும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ‘பிசியலாஜிக்கலி’, ‘சைக்கலாஜிக்கலி’ இரண்டுக்கும் அழுத்தம் ‘லா’வில்தான் விழுகிறது, அதன் பிறகு ஒலி ஒன்றே. தொலைபேசியில் முதல் எழுத்து தேய்ந்துபோனால் இயல்பான படபடப்பு மனநலப் பிரச்சினையாக எழுதப்பட்டுவிடும். டிக்டேஷன் கொடுப்பவர் ‘பிசியாலஜியில் உள்ள பிசியலாஜிக்கலி’ என்று ஒருமுறை பிரித்துச் சொல்லட்டும். தட்டச்சு செய்பவர் சந்தேகம் வந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கேட்டு நிரப்பட்டும்.