"பதிவு இருக்கு அண்ணை" என்றால் போதாது: வன்னிப் பட்டறைக்காரர் கவனத்துக்கு

மோட்டார் சைக்கிளுக்கு மீன் பெட்டி கரியர், ஆட்டோவுக்கு முன் கம்பி, லாண்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பெட்டி. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை இவற்றைச் செய்து விற்கிற வெல்டிங் பட்டறைகள் ஏராளம். கடதாசி எல்லாம் சரியா என்று கேட்டால், "பதிவு இருக்கு அண்ணை" என்பார்கள். அதை நம்பி மாட்டுப்பட்ட பெடியளைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பிரதேச செயலகத்தில் எடுக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவு உங்கள் கடையின் பெயரை மட்டுமே பதிகிறது. பட்டறை நடத்த பிரதேச சபையின் உரிமம் தனியாக வேண்டும். நவம்பரில் காசு கட்டி எடுத்தாலும் டிசம்பர் 31 உடன் அது முடிந்துவிடும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படலாம்; சத்தம், புகை என்று அயலவர் முறையிட்டால் அதைக் கேட்பார்கள்.

அலைச்சல் தொடங்குவது காணியில். சபை காணி உறுதிப் பத்திரம் கேட்கும்; இங்கே பலரிடம் இருப்பது அப்பா பெயரில் உள்ள அரச காணி அனுமதிப்பத்திரம். செயலகத்தில் கடிதம் வாங்கி வா என்பார்கள். அங்கே போனால், சபை எழுத்தில் கேட்கட்டும் என்பார்கள். இரண்டு கந்தோரும் ஒரே வீதியில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதாது, நடப்பது நீங்கள்தான். அதனால் முதல் நாளே, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சரி, இவ்வளவும் கையில் இருந்தாலும் வாகனத்தின் அமைப்பை மாற்ற அனுமதி கிடைத்ததாக ஆகாது. அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை. அங்கே விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர். ஓபன் பேப்பரில், அதாவது வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், ஓடும் வண்டி என்றால் அந்த ஆள் கொழும்பிலோ கண்டியிலோ இருப்பார். லீசிங் வண்டி என்றால் கம்பனியின் சம்மதமும் வேண்டும். முற்பணம் வாங்க முன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். பெயர் பொருந்தாவிட்டால் பெரிய வேலையைத் தொடாதீர்கள்.

2025 ஜனவரியில் பஸ், ஆட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்ற பொலிஸ் இறங்கியபோது, வருடக்கணக்காக ஓடிய சாமான்களெல்லாம் திடீரென்று குற்றமாகின. 'இவ்வளவு நாளும் பிடிக்கவில்லையே' என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. மீன் கரியரில் ஒரு பரிசோதனை செய்யலாம். பெட்டியை ஏற்றிக் கட்டிவிட்டு, பத்தடி பின்னால் நின்று பாருங்கள். இலக்கத்தகடு, பிரேக் லைட், சிக்னல் மூன்றும் தெரியாவிட்டால் அங்கேயே வெட்டித் திருத்துங்கள். கம்பி முனை வெளியே நீட்டக்கூடாது. கண்ணைப் பறிக்கும் லைட்டும் காதைக் கிழிக்கும் சைலன்சரும் கேட்கிறவரை வேறு கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

தண்டச்சீட்டு ஓட்டுநருக்குத்தான். ஆனால் வெல்டிங் விட்டுப்போய் ஆள் விழுந்தால் நட்டஈட்டு வழக்கு உங்களையும் தேடி வரும். "உத்தரவாதம் இல்லை" என்று பலகை தொங்கவிடுவதை நம்பியிருக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி, பொருள் சரியில்லை என்று வாங்கியவர் முறையிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சீட்டிலேயே எந்த வண்டிக்கு, எத்தனை கிலோ பாரத்துக்கு என்று எழுதி, அவரின் கையெழுத்தும் வாங்குங்கள். பிரதியை எறியாதீர்கள்.

இன்னொன்று, கம்பனி ஸ்டிக்கர். ஹொண்டா, பஜாஜ் என்று ஒட்டினால் நன்றாக விலைபோகும்தான். ஆனால் அது போலி வியாபாரக்குறி, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் குற்றம்.

பழைய இரும்பு வாங்கும்போது விற்றவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியில் குறியுங்கள். களவு இரும்பு என்று பொலிஸ் வந்தால் அந்தக் கொப்பிதான் பேசும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதிய தாளில், "சும்மா ஒரு சைன் தானே தம்பி" என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், கையெழுத்து வைக்காதீர்கள்.