தெளிந்த கரைசலை நம்பிய உலைக்காரன்

ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அதற்கு முன் இருபத்தேழு ஆண்டுகள் உலைப் பக்கம்தான் வேலை. தாதுவை உருக்கி உலோகம் எடுப்பது தொழில். பிறகு ஹைட்ரோமெட்டலர்ஜி பிரிவுக்கு மாற்றினார்கள். தாதுவை உருக்காமல் அமிலத்திலோ காரத்திலோ கரைத்து, அந்தக் கரைசலிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வேலை அது. "அனுபவசாலி ஒருவர் அங்கே இருக்கட்டும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த அனுபவம்தான் முதல் ஆறு மாதம் என்னை அதிகம் ஏமாற்றியது.

உலையில் ஆபத்து முகத்தில் அடிக்கும். அனல், வெளிச்சம், இரைச்சல் எல்லாம் எச்சரித்துக்கொண்டே இருக்கும். கரைசல் வாய் திறக்காது. லிட்டருக்கு அரை கிராம் சயனைடு கரைந்த நீரும் குடிநீரும் பார்வைக்கு ஒன்றுதான். வயது கூடியதால் நினைவில் நிற்காதோ என்று பயந்துகொண்டு போனேன். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை; கண்ணால் பார்த்தே முடிவெடுக்கும் பழக்கம்தான் போக மறுத்தது.

முதலில் இரும்பிடம் மாட்டினேன். துத்தநாகமோ செம்போ, எதைக் கரைத்தாலும் இரும்பும் ஒட்டிக்கொண்டு வரும். பிஹெச்சை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, உயர்த்தினால் இரும்பு திடப்பொருளாகப் பிரிந்து வீழ்படிவாகும், வடிகட்டிவிடலாம். புத்தகத்தில் இரண்டே வரி. நான் எரிசோடாக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றினேன். மீட்டர் சரியான எண்ணைக் காட்டியது. வடிதாளில் ஊற்றியதும் பழுப்பு நிறக் கூழ் ஒன்று பரவி, தாளை அடைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டது. காலையில் ஊற்றியது மாலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு என் மகள் வயது. புனலை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பிஹெச்சை ஏற்றச் சொன்னால் எறிந்திருக்கிறீர்களே" என்றார்.

மறுநாள் அவரே செய்து காட்டினார். கரைசலைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய வீழ்படிவில் ஒரு கரண்டியை விதையாகப் போட்டார். இரும்பு மணி மணியாகப் படிந்தது. சில நிமிடங்களில் வடிந்து முடிந்தது. துத்தநாக ஆலைகள் 1960களிலிருந்து இரும்பை ஜாரோசைட் என்ற மஞ்சள் படிகமாக வெளியேற்றுவதும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். இன்னொன்றையும் அன்று கற்றுக்கொண்டேன்: என் கூழ் வடிதாளை அடைத்ததோடு நிற்காமல், மதிப்புள்ள உலோகத்திலும் ஒரு பங்கைத் தன்னுள் பிடித்துவைத்திருந்தது. கூழைச் சோதனைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால், 'இழப்பு' என்று எழுதிக் கணக்கை மூடியிருப்பேன்.

இரண்டாவது தவறு இப்படிப் பேசிச் சிரிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. கரைசலில் மிச்சமிருந்த செம்பைச் சல்பைடாக வீழ்த்திக்கொண்டிருந்தோம். அழுகிய முட்டை வாடை வந்தது, ஹைட்ரஜன் சல்பைடு. சிறிது நேரத்தில் வாடை நின்றது. "சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் இன்னும் இரண்டடி வைத்தேன். ஷிப்டில் இருந்த தம்பி என் சட்டைக் கையைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே இழுத்துக்கொண்டு போனார். அவர் இடுப்பில் இருந்த வாயு உணரி அலறிக்கொண்டிருந்தது. என்னுடையது மேசையில் கிடந்தது. அடிக்கடி கத்துகிறதே என்று நான்தான் கழற்றி வைத்திருந்தேன்.

காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய நூறு பங்கை எட்டும்போது இந்த வாயு மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். அதற்கு மேலே ஏற ஏற, வாடையே தெரியாமல் ஆள் விழுவார். அவரைத் தூக்க ஓடுகிறவரும் விழுவார். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், குறிப்பாக என்னைப் போல் நரைத்த பிறகு வருகிறவர்களிடம், நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூக்கை ஒரு கருவியாக எண்ணாதீர்கள்.

தங்கத் தாதுவைக் கரைக்கப் பயன்படும் சயனைடுக் கரைசலுக்கும் இதே கதைதான். பிஹெச் பத்தரைக்கு மேல் இருக்கும்வரை சயனைடு பெரும்பாலும் நீரிலேயே தங்கும். 9.2க்கு இறங்கினால் பாதி ஹைட்ரஜன் சயனைடாக மாறி, காற்றில் கலக்கத் தயாராகிவிடும். ஆர்சனிக் உள்ள அமிலக் கரைசலில் துத்தநாகப் பொடியைப் போட்டால் ஆர்சைன் வரும். அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. துத்தநாகம் போடுவது சுத்திகரிப்பில் சாதாரண வேலை. ஆர்சனிக் இருப்பது பல தாதுக்களில் சாதாரண விஷயம். இரண்டும் ஒரே தொட்டியில் சந்திப்பதைத்தான் தடுக்க வேண்டும். மூடியில்லாத பீக்கரில் "சும்மா செய்து பார்ப்போம்" என்பது இங்கே செல்லாது.

எப்படிப் படித்தேன் என்று கேட்கிறார்கள். பள்ளி வேதியியலிலிருந்துதான், வேறு வழியில்லை. மோல், சமநிலை, மின்முனை அழுத்தம் மூன்றையும் பேனா பிடித்துக் கணக்குப் போட்டே மீட்டேன். பிறகு பெல்ஜியத்தின் மார்செல் பூர்பே வகுத்த வரைபடங்கள். ஓர் அச்சில் பிஹெச், இன்னோர் அச்சில் மின்னழுத்தம். எந்த இடத்தில் உலோகம் கரையும், எங்கே ஆக்சைடாகப் படியும், எங்கே உலோகமாகவே நிற்கும் என்பது ஒரே படத்தில் தெரியும். கையால் நான்கைந்து வரைந்த பிறகுதான் என் கூழ் எங்கே பிறந்தது என்று புரிந்தது. ஆனால் அந்தப் படம் வேகத்தைச் சொல்லாது. நடக்கலாம் என்று அது சொல்லும் வினை, நடந்து முடிய ஒரு மணி நேரமும் ஆகலாம், ஓர் ஆண்டும் ஆகலாம்.

மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில் இரும்பாணியைப் போட்டால் செம்பு படியும் சோதனையைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். பதினோராம் நூற்றாண்டுச் சீனத்தில் இதே முறையில் செம்பு எடுத்தார்கள். கணக்குப்படி ஒரு கிராம் செம்புக்கு 0.88 கிராம் இரும்பு போதும். எங்கள் ஆலைக் கரைசலில் நான் செய்தபோது ஒன்றரை கிராமுக்கு மேல் போனது. தராசைச் சந்தேகித்து மறுபடி எடை போட்டேன். தராசு சரி. கரைசலில் ஏற்கெனவே கரைந்திருந்த பெர்ரிக் இரும்பும் (இரும்பின் அதிகம் ஆக்சிஜனேறிய வடிவம்) மிச்ச அமிலமும் ஆணியைத் தின்றிருந்தன. உள்ளே போன நூறு கிராம் எங்கே வெளியே வந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது.

பழைய அனுபவம் முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. குளோரைடு கலந்த அமிலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போட இளைஞர்கள் திட்டமிட்டபோது, அது புள்ளி புள்ளியாக அரித்துவிடும் என்று தடுத்தது நான்தான். பீக்கரில் ஆறும் வெப்பம் பெரிய தொட்டியில் அப்படி ஆறாது என்பதும் அவர்களுக்குப் புதிதாக இருந்தது. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு 'கடல்நீரில் லித்தியம் எடுக்கலாமா' என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.17 மில்லிகிராம் லித்தியம். ஒரு கிலோ வேண்டுமானால், ஒரு துளியும் விடாமல் எடுத்தாலும், ஏறத்தாழ 60 லட்சம் லிட்டரைக் கையாள வேண்டும். அதே நீரில் மெக்னீசியம் லிட்டருக்கு 1.3 கிராம் இடைஞ்சலாக நிற்கும். சிலி நாட்டின் அட்டகாமா உப்புநிலத்து உவர்நீரிலோ லித்தியமே லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் இழப்பீட்டுக் கடனைக் கடல்நீரில் கரைந்துள்ள தங்கத்தால் அடைக்க ஃபிரிட்ஸ் ஹாபர் முயன்றார். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர். கடைசியில் பழைய அளவீடுகள் சொன்னதைவிடத் தங்கம் மிக மிகக் குறைவு என்று கண்டு கைவிட்டார்.

அவர் அளந்து பார்த்துக் கைவிட்டார். இணையத்தில் காணொளி பார்த்துவிட்டுப் தங்கம் எடுக்கப் பழைய சர்க்யூட் பலகைகளை இராஜதிராவகத்தில் (நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை) போடுகிறவர்கள் அளப்பதில்லை. சென்ற ஆண்டு, பணி ஓய்வு பெற்ற தெரிந்தவர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். மாலையில் செந்நிறப் புகை வந்ததாம். கொஞ்சம் இருமல், இப்போது நன்றாக இருக்கிறாராம். கரைசலிலிருந்து தங்கத்தை எப்படி வீழ்த்துவது என்பதுதான் கேள்வி. அந்தப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு. சுவாசித்த பிறகு பல மணி நேரம் ஆளை நன்றாக வைத்திருந்து, நள்ளிரவில் நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடலாம். தங்கத்தை விடுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள், எந்தப் புகை என்பதை மருத்துவரிடம் பெயரோடு சொல்லுங்கள் என்றேன். "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னார். மனைவியிடம் பேச வேண்டியதாயிற்று.

இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். அந்தக் கரைசல் இன்னும் அவர் வீட்டுப் பின்புறம் மூடி தளர்த்திய பிளாஸ்டிக் வாளியில் இருக்கிறது. செம்பு, நிக்கல், ஈயம், வெள்ளீயம் எல்லாம் கரைந்த அமிலம். சாக்கடையில் ஊற்ற முடியாது, மண்ணில் ஊற்றக் கூடாது. அபாயக் கழிவைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்களோ, வாளியில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கேட்கிறார்கள். அவரிடம் அதற்கு விடையில்லை.